அப்பாவின் பாட்டு நோட்டும் குடுமியான்மலைப் பாறையும்

வீடு மாற்றும்போதோ, கூரை பிரிக்கும்போதோ, பரணில் கிடக்கும் பழைய காகிதங்களை என்ன செய்வது என்ற கேள்வி எழாத குடும்பம் இல்லை. 1989-ஆம் ஆண்டில் அந்தக் கேள்விக்கு நான் கண்ட விடை தவறான விடை. அதனை இந்தப் பக்கங்களில் ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. வாசகர்களில் யாரேனும் ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தம் வீட்டுப் பரணில் ஒருமுறை ஏறிப் பார்ப்பாரானால், அதுவே எனக்குப் போதும்.

என் தகப்பனார் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பங்கு ஒன்றில் உபதேசியாராகவும் பாடற்குழுத் தலைவராகவும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஊழியம் செய்தவர். அவருக்குச் சொத்து என்று இருந்தவை ஓர் ஆர்மோனியப் பெட்டியும், நீளவாக்கில் தைத்த மூன்று கணக்கு நோட்டுகளுமே. ஊதா மையில், அச்சுக் கோத்ததுபோன்ற எழுத்தில், பாட்டின் சொற்களைக் கீழும் அவற்றிற்குரிய சுரங்களை மேலுமாக எழுதி வைத்திருந்தார். முதல் நோட்டில் இலத்தீன் பூசைப் பாடல்கள் தமிழ் எழுத்தில் இருந்தன. இரண்டாவதில் திருநாள் பாடல்கள். மூன்றாவதில் தவக்காலப் பாடல்களும் பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பல்களும்.

1983-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போட முனைந்தேன். பரணில் இருந்தவை எல்லாம் முற்றத்தில் குவிந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு தமிழில் திருப்பலி நடந்துவரும் காலத்தில் இலத்தீன் பாட்டு யாருக்கு வேண்டும் என்று எண்ணினேன். திருநாள் பாடல்களோ அச்சுப் புத்தகங்களில் ஆயிரம் கிடைக்கின்றனவே என்றும் எண்ணினேன். கூலியாட்கள் வாசலில் நிற்க, சிமெண்டுக்கடைப் பாக்கி நெஞ்சில் நிற்க, இரண்டு நோட்டுகளையும் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துத் தராசில் ஏற்றிவிட்டேன். கிடைத்த தொகை அன்று மாலைத் தேநீர்ச் செலவுக்கும் போதவில்லை.

மூன்றாவது நோட்டு தப்பியது என் அக்காளால். புலம்பல் பாடல்களில் மிகுந்த விருப்பமுடைய அவர், அதனை முன்னமே தம் புகுந்த வீட்டிற்கு எடுத்துச் சென்றிருந்தார். அங்கேயும் அது சும்மா இருக்கவில்லை. வெற்றுப் பக்கங்களில் பல ஆண்டுகளின் பால் கணக்கு ஏறியிருந்தது.

சென்ற ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில் அந்த நோட்டு என் பேத்தியின் கைக்கு வந்தது. எங்கள் பங்கின் பாடற்குழுவில் அவள் கீபோர்டு வாசிக்கிறாள். கர்நாடக முறையில் சுரம் பாடவும் கற்றிருக்கிறாள். “தாத்தா, இந்தப் புலம்பலை இந்த வருடம் பவனியில் பாடுவோமே” என்றாள். ஆண்டவருடைய திருவுடல் சுரூபத்தைச் சுமந்து தெருக்களைச் சுற்றி வரும்போது என் தகப்பனார் பாடுவித்த பாட்டு அது. நான் வேலையின் பொருட்டு வெளியூர்களில் இருந்த காலத்தில் அது வழக்கொழிந்துவிட்டது. சிறுவயதில் கேட்ட ஞாபகம் இருந்ததேயன்றி, மெட்டு எனக்கு முழுமையாக வரவில்லை.

பேத்தி வாசித்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் அடியில் தடுமாறினாள். அங்கே சில சுரங்களின் தலையில் மட்டும் சிறு புள்ளிகள் இருந்தன. மேல் ஸ்தாயியைக் குறிக்கச் சுரத்தின் மேல் புள்ளி இடுவது யாவரும் அறிந்த வழக்கம். அவ்வாறே எடுத்துக்கொண்டு அவள் பாட, துயரம் ததும்ப வேண்டிய இடத்தில் பாட்டு வீறிட்டது. பாடற்குழுப் பிள்ளைகள் முயன்றபோதும் குரல் உடைந்தது. “கொள்ளுத் தாத்தா தப்பாக எழுதிவிட்டாரோ?” என்று அவள் கேட்டபோது என் மனம் சுருக்கென்றது. அவர் எதனையும் தவறாக எழுதும் இயல்பினர் அல்லர். எனினும் அப்புள்ளியின் பொருளை நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லையே!

இந்நிலையில் என் அக்காள் மகன் ஊருக்கு வந்திருந்தார். அவர் குரு. உரோமையில் சில ஆண்டுகள் படித்துத் திரும்பியவர். இசையில் ஈடுபாடு உடையவர். நோட்டைப் பார்த்ததும், “மாமா, இந்தப் புள்ளிக்கு விடை தெரியாது. ஆனால் இதைவிடப் பழைய புள்ளிகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. போய்ப் பார்ப்போமா?” என்றார். “சாமி கூப்பிட்டால் வராமல் இருப்பேனா?” என்று கிளம்பினேன். பேத்தியும் உடன் வந்தாள்.

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலுக்கு அருகே இருக்கிறது குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலின் சிற்பங்களைக் காணப் பலர் வருகிறார்கள். குன்றைக் குடைந்து அமைத்த மேலைக்கோயில் என்னும் குகைக் கோயிலின் பக்கத்தில், பாறையின் முகத்தில் வெட்டப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டைத் தேடி வருவோர் அவர்களுள் சிலரே. பிறந்த மாவட்டத்திலேயே 70 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் நான் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பு. பல்லவ கிரந்த எழுத்து. கி.பி. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுத்தமைதி கொண்டு கணிக்கிறார்கள். 1904-இல் இது ஆய்வாளர்களின் கவனத்திற்கு வந்தது. மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டுவித்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அதனை ஏற்காதவர்களும் உண்டு. கல்வெட்டில் அரசனின் பெயர் இல்லை. உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனும் சிவபக்தனுமான ஓர் அரசன், மாணாக்கரின் நன்மைக்காக இவற்றைச் செய்தான் என்ற குறிப்பு மட்டும் வடமொழியில் இருக்கிறது. எட்டுக்கும் ஏழுக்கும் இவை பொருந்தும் என்ற கருத்துடைய தமிழ்க் குறிப்பு ஒன்றும் உண்டு. யாழ் அல்லது வீணையின் நரம்புகளை அது சுட்டுவதாகக் கொள்வர்.

மற்றவை எல்லாம் சுரங்கள்! ஏழு பண்களுக்கு ஏழு பகுதிகள். ஒவ்வொரு வரியிலும் நான்கு நான்கு சுரங்களாகச் சேர்த்த 16 தொகுதிகள். பாட்டின் சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு சுரத்தையே நான்கு உயிரெழுத்துகளால் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். ‘ர’ என்றும் ‘ரி’ என்றும் ‘ரு’ என்றும் ‘ரே’ என்றும் ஒரே சுரம் நான்கு உருவில் வருகிறது. இத்தனையையும் ஒருவர் உளியால் கல்லில் செதுக்கியிருக்கிறார் என்றால், இந்த இசை காற்றோடு போய்விடக்கூடாது என்ற கவலை எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்!

பேத்தி பாறையின் அருகே குனிந்து பார்த்தாள். “தாத்தா, இங்கேயும் புள்ளி இருக்கிறதே!” என்று வியந்தாள். ஆம், சில சுரங்களின் தலையில் புள்ளிகள் இருந்தன. “இவை எதற்கு, சாமி?” என்று கேட்டேன்.

“அதுதான் மாமா வேடிக்கை. உயிரெழுத்து மாறுவது சுருதியின் நுட்ப வேறுபாட்டைக் காட்டுகிறது என்பவர்கள் உண்டு. வீணையின் நரம்பை மீட்டும் முறையைக் காட்டுகிறது என்பவர்களும் உண்டு. புள்ளியைப் பற்றியும் இப்படித்தான். எல்லாரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இன்றுவரை இல்லை.”

நான் நின்றபடியே இருந்தேன். செதுக்கியவருக்கும் பாடிய மாணாக்கருக்கும் அந்தப் புள்ளி விளக்கம் வேண்டாத செய்தியாக இருந்திருக்கும். எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதி வைப்பார்? தெரிந்தவர் எல்லாரும் மறைந்தபின், கல் எஞ்சியது, பாட்டு அடங்கிவிட்டது. இந்த மாவட்டத்திலேயே திருமயத்துக் குகைக் கோயிலிலும் இவ்வகை இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அதன்மீதே வேறொரு கல்வெட்டை வெட்டினார்கள். அதனால் இசையின் பெரும்பகுதி சிதைந்துபோயிற்று. இதைக் கேட்டபோது புலம்பல் நோட்டில் அக்காள் எழுதிய பால் கணக்கு என் நினைவுக்கு வந்தது. அவரைக் குறைகூற எனக்கு என்ன தகுதி? அவர் எழுதினார், நானோ எடைக்குப் போட்டேன்.

மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பேச்சு புள்ளியை விட்டு அகலவில்லை. சாமி வீரமாமுனிவரை நினைவூட்டினார். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து தமிழகம் வந்த அவர், நம் மாவட்டத்து ஆவூரிலும் பணிபுரிந்தவர். அவர் காலத்துத் தமிழில் எகரமும் ஒகரமும் குறில் என்று காட்டப் புள்ளி இடவேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதனை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவர் திண்டாடுவார். புள்ளியை நம்பாமல் எழுத்தின் வடிவத்திலேயே வேறுபாட்டைக் காட்டும் முறையை வகுத்தவர் வீரமாமுனிவர் என்பது தமிழ் படித்தோர் அறிந்தது. காதில் கேட்டதைக் கண்ணுக்குத் தப்பாமல் காட்ட வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது.

“அது இத்தாலியர்களின் பழைய அக்கறை மாமா” என்று தொடர்ந்தார் சாமி. 11-ஆம் நூற்றாண்டில் அரெட்சோ நகரத்துக் குயிதோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, பாடகச் சிறுவர்கள் ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியர் வாயிலிருந்தே கேட்டுக் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனனம் செய்வதைப் பார்த்தார். கோடுகளின்மேல் சுரங்களை நிறுத்தி எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். திருமுழுக்கு யோவான் திருநாளின் இலத்தீன் பாடலில் ஒவ்வோர் அடியும் முன்னதைவிட ஒரு சுரம் உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவ்வடிகளின் முதல் அசைகளையே சுரங்களுக்குப் பெயராக்கினார். மேலைநாட்டார் இன்று பாடும் ‘தோ ரே மி’ அதிலிருந்து வளர்ந்ததே. என் பேத்தி கீபோர்டில் படிக்கும் இசைத்தாளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிறகு மிலான் நகரத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே பிரேரா மாளிகையிலுள்ள தேசிய நூலகத்தில் ரிக்கோர்தி இசை ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதற்கு வித்திட்டவர் பிரபு அல்லர். நாடக அரங்கிற்காக இசைத் தாள்களைக் கையால் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்த ஜொவான்னி ரிக்கோர்தி என்பவர். 1808-இல் இசை அச்சகம் தொடங்கினார். இசைப்புலவர்கள் எழுதித் தந்த மூலப் படிகளை, அச்சிட்ட பின்னும் எறியாமல் காத்து வைத்தார். அவர் மகனும் பேரனும் அவ்வாறே செய்தனர். இன்று அங்கே ஏறத்தாழ 7,800 கையெழுத்து இசைப்படிகள் இருக்கின்றன. வெர்தி இயற்றிய 28 இசை நாடகங்களில் 23 நாடகங்களின் மூலப் படிகள் அவற்றுள் அடங்கும். 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் அந்த நிறுவனத்தின் கட்டடம் அழிந்தது. விலைமதிப்பற்ற படிகளை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுபோயிருந்ததால் அவை பிழைத்தன.

“இன்னொன்று கேளுங்கள் மாமா. இது நம்மைப்போன்ற கோயில் ஆட்களின் கதை.” அந்தோனியோ விவால்தி என்பவர் 1678-இல் வெனிஸ் நகரில் பிறந்தவர், 1703-இல் குருப்பட்டம் பெற்றவர். அனாதைப் பெண்பிள்ளைகளின் விடுதியில் இசை கற்பித்து, அவர்களுக்காகவே நூற்றுக்கணக்கான இசைப் படைப்புகளை எழுதினார். 1741-இல் வியன்னா நகரில் வறுமையில் இறந்தார். உலகம் அவரை ஏறக்குறைய மறந்தேவிட்டது. அவருடைய கையெழுத்துப் படிகள் பிரபுக்கள் சிலரின் கைமாறி, அதில் ஒரு பாதி கடைசியில் வட இத்தாலியில் சலேசிய சபையார் நடத்திய ஒரு கல்விக்கூடத்தில் வந்து அடங்கியது. 1926-இல் அக்கல்விக்கூடத்தின் கட்டடம் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. கையில் பணமில்லை. பழைய இசைத் தாள்களை விற்கலாமா என்ற எண்ணம் எழுந்தது.

கட்டடம் பழுதுபார்க்கப் பழைய தாளை விற்பது என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாமி அதைக் கவனிக்கவில்லை.

“ஆனால் விற்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டார்கள். தூரின் நகரத்துத் தேசிய நூலகத்திற்கு எழுதி, இவற்றின் மதிப்பு என்ன என்று விசாரித்தார்கள்.” நூலகத் தலைவர் லூயிஜி தொர்ரி, பல்கலைக்கழக இசைப் பேராசிரியர் அல்பெர்த்தோ ஜென்தீலியை அழைத்தார். 97 தொகுதிகள் வந்து இறங்கின. பெட்டிகளைத் திறந்த பேராசிரியர் திகைத்துப்போனார். அவற்றுள் 14 தொகுதிகள் முழுவதும் விவால்தியின் படைப்புகள்! வாங்க நூலகத்திடம் பணமில்லை. குழந்தையாயிருந்த தம் மகனைப் பறிகொடுத்திருந்த ரொபெர்த்தோ ஃபொவா என்பவர், 1927-இல் அம்மகனின் நினைவாக அவற்றை வாங்கி நூலகத்திற்கு அளித்தார். மற்றொரு பாதி ஜெனோவா நகரத்துப் பிரபு குடும்பத்தில் இருப்பது தெரியவந்தது. அவரைப்போலவே மகனை இழந்திருந்த பிலிப்போ ஜொர்தானோ என்பவர் 1930-இல் அதனை வாங்கிக் கொடுத்தார். பிரிந்த இரு பாதிகளும் ஒன்றுசேர்ந்தன. ஏறத்தாழ 450 படைப்புகள். அவற்றுள் ஒன்றாகிய ‘குளோரியா’, ‘உன்னதங்களிலே’ என்று நாம் திருப்பலியில் பாடும் அதே வானவர் கீதம், 1939-இல் சியெனா நகரில் மீண்டும் ஒலித்தது. இன்று அதைப் பாடாத நாடில்லை.

கதை முடிந்தபின் என் கதையைச் சொன்னேன். தேநீர்ச் செலவுக்கும் போதாத அந்தத் தொகையையும் சொன்னேன். சாமி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, “நோட்டு போனது போனதுதான் மாமா. அதில் இருந்ததைப் பாடியவர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. அந்தக் கல்விக்கூடத்தாருக்கும் பணமுடைதான், எனக்கும் பணமுடைதான். அவர்கள் விற்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. சொந்த அக்காளிடம்கூடக் கேட்கவில்லை. காகிதத்தைத்தான் இழந்தேன் என்று இத்தனை ஆண்டுகள் வருந்தினேனேயொழிய, அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர்களும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. குடுமியான்மலைப் பாறையிடம் கேட்க இன்று ஆளில்லை. எங்கள் ஊரில் ஆள் இருந்தார்!

அவருக்கு வயது 88. சிறுமியாயிருந்த நாளிலிருந்து என் தகப்பனாரின் பாடற்குழுவில் பாடியவர். உறவுமுறையில் இல்லாவிட்டாலும் ஊரே அவரைப் பெரியம்மா என்றுதான் அழைக்கும். கண் மங்கிவிட்டது, செவியும் நாவும் மங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும் நோட்டோடு அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தோம். பேத்தி மூன்றாம் அடியைப் புள்ளி உள்ளபடி உச்சத்தில் ஏற்றிப் பாடிக் காட்டினாள்.

பெரியம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “அடி பைத்தியக்காரி! அது உயரப் போறதுக்கு வெச்ச புள்ளி இல்லடி. அந்த இடம் வந்தா ஆம்பளைங்க வாயை மூடிக்கணும். பொம்பளைங்க குரல் மட்டுந்தான் போகும்.”

“ஏன் பெரியம்மா?” என்று கேட்டேன்.

“ஏன் தம்பி, உங்க அப்பா உனக்குச் சொல்லலியா? சிலுவையடியில கடைசி வரைக்கும் நின்னது யாரு? அருளப்பர் ஒருத்தரைத் தவிர ஆம்பளைச் சீடங்க எல்லாரும் ஓடிட்டாங்க. மாதாவும் மத்தப் பொம்பளைங்களுந்தானே நின்னாங்க? அதனால அந்த அடியை நாங்க மட்டுந்தான் பாடணும்னு உங்க அப்பா கண்டிப்பாச் சொல்லிடுவாரு. ஒரு ஆம்பளைக் குரல் கேட்டாப் போதும், ஆர்மோனியத்தை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்ப்பாரு.”

இதைச் சொல்லிவிட்டு, நடுங்கும் குரலில் அந்த அடியை அவரே பாடினார். மேல் ஸ்தாயி இல்லை. தாழ்ந்த குரலில், தாலாட்டுவது போல இருந்தது. பேத்தி தன் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்தாள். எனக்குப் பேச வரவில்லை. 40 ஆண்டுகளுக்கு முன் கண்மூடிய தகப்பனார், தலையில் ஒரு புள்ளி வைத்து இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனை வாசிக்கும் திறவுகோலோ, என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு திண்ணையில் அமர்ந்திருந்தது!

சென்ற ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை இரவு, பவனி எங்கள் ஊர்த் தெருக்களில் சென்றது. புலம்பலின் மூன்றாம் அடி வந்ததும் ஆண்கள் நாங்கள் அனைவரும் நிறுத்தினோம். பழக்கமில்லாத அந்த அமைதியில் சுரூபத்தைச் சுமந்தவர்களின் காலடியோசை கேட்டது. அதன்மேல் பெண்களின் குரல் மட்டும் எழுந்தது. என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த இளைஞன் ஒருவன் தலைகுனிந்ததைக் கண்டேன். ஓடிப்போனவர்களின் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று அவ்வடி முடியும்வரை எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எத்தனையோ தவக்காலப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அன்றைய அமைதி போல ஒன்று என் உள்ளத்தைத் தொட்டதில்லை.

மறுநாள் காலை பெரியம்மாளைப் பார்க்கச் சென்றோம். பாராட்டுவார் என்று பேத்தி ஆவலோடு நின்றாள். “எல்லாம் சரிதான். அந்தக் கடைசி எழுத்தை மட்டும் வெடுக்குன்னு விட்டுட்டீங்க. சுரூபம் தெருமுனை திரும்புற வரைக்கும் அதை இழுக்கணும்” என்றார். நோட்டில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. பேத்தி உடனே பக்கத்தின் ஓரத்தில் அதைக் குறித்து, யார் சொன்னது, எந்த நாள் சொன்னது என்பதையும் எழுதினாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவள் அந்தத் திண்ணைக்குப் போகிறாள். நான் எடைக்குப் போட்ட இரண்டு நோட்டுகளில் இருந்த பாடல்களில், ஒன்பது பாடல்களின் முதலடி பெரியம்மாளுக்கு நினைவிருக்கிறது. முழுவதும் நினைவிருப்பவை நான்கே. மற்றவை போய்விட்டன. இதற்கு ஆறுதல் சொல்லிக்கொள்ள நான் முயலவில்லை.

வாசக அன்பர்களே, திருச்சபையின் இசைச் செல்வத்தை மிகுந்த கவனத்துடன் பேணிக் காக்க வேண்டும் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே தன் திருவழிபாட்டு ஏட்டில் பணித்திருக்கிறது. நம் தாய்மொழிக்கு வழிதிறந்த அதே ஏடுதான் அது. புதியதை ஏற்கப் பழையதை எறிய வேண்டும் என்று நானாக எண்ணிக்கொண்டேன். மிலானிலும் தூரினிலும் இருப்பதுபோன்ற காப்பகங்கள் நம் கிராமப் பங்குகளில் இல்லை; வேண்டுவதும் இல்லை. ஒரு தகரப் பெட்டி போதும். கரையானும் ஈரமும் அணுகாத இடத்தில் அதை வையுங்கள். பழைய பாட்டு நோட்டுகளை அதில் சேருங்கள். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் முதல் பக்கத்தில் குறியுங்கள். பக்கங்களைப் படம் பிடித்து மற்றொரு பிரதியைப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள்.

இவை எல்லாவற்றிற்கும் முன்னால், அப்பாடல்களைப் பாடிய முதியவர் உங்கள் ஊரில் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். நோட்டு அடுத்த ஆண்டும் பெட்டியில் இருக்கும். அவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அமருங்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அவர் எழுதாமல் விட்டது எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.